மூச்சுக்கு விட்ட இடம்

கான்செர்ட் பேண்ட் என்றதும் கல்யாண ஊர்வலத்து பேண்ட் செட்டோ குடியரசு தின அணிவகுப்பில் வரும் போலீஸ் பேண்டோ நம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே பேச எடுத்துக்கொண்டது உட்கார்ந்து கேட்கிற சபைக்காக வாசிக்கும் ஊதுவாத்தியக் குழு. அமெரிக்கப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அது ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டூபா, கூடவே தாள வாத்தியங்கள். வயலின் வரிசை கிடையாது. இந்தக் குழுவுக்காக எழுதப்பட்டவற்றில் மலை, ஆறு, விடியல், மழை என்று இயற்கையின் பெயர் தாங்கியவை ஏராளம். நாலைந்தை அடுத்தடுத்துக் கேட்டால் எல்லாம் ஒரே பெட்டிச் சாமான் என்பது தெரிந்துவிடும். தொங்கும் சிம்பலை மெத்தைக் கோலால் உருட்டினால் கடலலை, உலோகக் குழல்மணிகளை விரலால் தடவினால் தென்றல், ஃப்ளூட்டில் இரண்டு சுரங்களை விரைந்து மாற்றினால் பறவை, டிம்பனியை உருட்டினால் இடி. கடைசியில் எல்லோரும் சேர்ந்து உரக்க ஊதினால் சூரியன் உதித்ததாகப் பொருள். இந்த வழியில் போகும் இசையமைப்பாளர் இயற்கையை நெருங்குவதே இல்லை என்பது என் கருத்து. காட்டிலிருந்து பேண்டுக்குக் கொண்டுவர வேண்டியது அங்குள்ள ஓசைகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கும் முறையை. ஊதுவாத்தியத்தில் அந்த இடம் இரண்டு வகையில் கிடைக்கிறது: ஸ்தாயியில் விடும் இடைவெளியாக, மூச்சுக்கு விடும் இடைவெளியாக. எளிமை என்று நாம் சொல்வது இந்த இரண்டும் சரியாக அமைந்ததன் விளைவு.

இயற்கையைப் பாவனை செய்யும் ஆசை பழையது. பீத்தோவன் தம் ஆறாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தில் ஃப்ளூட்டை நைட்டிங்கேலாகவும் ஓபோவைக் காடையாகவும் கிளாரினெட்டுகளை ஐரோப்பியக் குயிலாகவும் கூவவைத்து, ஸ்கோரில் அந்தப் பறவைகளின் பெயரையும் எழுதினார். அதே பீத்தோவன், 1808இல் வியன்னாவில் அது அரங்கேறியபோது, இதில் ஓவியம் தீட்டுவதைவிட உணர்வை வெளியிடுவதே மிகுதி என்ற பொருளில் நிகழ்ச்சிக் குறிப்பில் எச்சரிக்கை செய்தார். அந்த எச்சரிக்கையைப் பின்வந்தவர்கள் எல்லோரும் பொருட்படுத்தவில்லை. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1915இல் ஆல்ப்ஸ் மலைக்கான சிம்பொனியில் காற்று இயந்திரத்தையும் இடி இயந்திரத்தையும் மேடையேற்றினார். ரெஸ்பீகி 1924இல் ரோம் நகரத்துப் பைன் மரங்களைப் பற்றிய படைப்பில் உண்மையான நைட்டிங்கேலின் பாட்டையே கிராமபோன் தட்டிலிருந்து ஒலிக்கவிட்டார். அந்தத் தட்டு சுழலும்போது இசைக்குழு தணிந்து பறவைக்குப் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது. பாவனை முழு வெற்றி அடைகிற இடத்தில் இசையமைப்பாளருக்கு வேலை இல்லாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு மறுப்பாக ஒலிவியே மெஸ்ஸியானைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். தாள்களோடு வயல்வெளிக்கும் காட்டுக்கும் போய்ப் பறவைகளின் பாட்டைச் சுரப்படுத்தியவர் அவர். 1956இல் நிறைவேறிய அவருடைய 'வாஸோ எக்ஸோதிக்', பியானோவுக்கும் ஊதுவாத்தியங்களுக்கும் தாள வாத்தியங்களுக்கும் எழுதப்பட்டது. நம் நாட்டு மலைமைனாவின் குரலில்தான் தொடங்குகிறது. ஆனால் மெஸ்ஸியான் செய்தது நகல் எடுப்பு இல்லை. பறவை பாடும் வேகத்தை எந்த வாத்தியமும் தொட முடியாது, அதன் உயரத்தையும் எட்ட முடியாது, அதன் நுண்சுரங்களை நம் சாவிக்கட்டைகள் தராது. ஆகவே வேகத்தைக் குறைத்து, கீழ்ஸ்தாயிக்கு இறக்கி, இடைவெளிகளைப் பெரிதாக்கி எழுதினேன் என்று அவரே விளக்கியிருக்கிறார். இந்தியா, சீனா, அமெரிக்கா என்று வெவ்வேறு கண்டங்களின் பறவைகள் அவர் ஸ்கோரில் மட்டும் சந்தித்துக்கொள்கின்றன. அப்படி ஒரு காடு பூமியில் எங்கும் இல்லை. அவர் மேதைமை குரல்களைப் பிடித்ததில் பாதி என்றால், எந்தக் குரல் எப்போது எந்த உயரத்தில் நுழையலாம் என்று தீர்மானித்ததில் மீதிப் பாதி இருக்கிறது. தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போது யாழையும் பறையையும் மரத்தோடும் புள்ளோடும் ஒரே வரிசையில் வைத்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். வாத்தியம் நிலத்தை வெளியே நின்று படம் பிடிக்கும் கருவியாக அங்கே கருதப்படவில்லை. நிலத்துக்குள் ஓர் உறுப்பாக அது இருந்தது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லாண்டின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 1944 அக்டோபரில் வாஷிங்டன் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் அவருடைய பாலே மேடையேறியது. பதின்மூன்று வாத்தியங்களுக்கு எழுதப்பட்ட அந்த இசை அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'மார்த்தாவுக்கான பாலே', அவ்வளவுதான். அதற்கு நடனம் அமைத்த மார்த்தா கிரஹாம் ஒரு கவிதையிலிருந்து எடுத்து 'அப்பலாச்சியன் ஸ்ப்ரிங்' என்று பெயர் சூட்டியது இசை முடிந்த பிறகு. அப்பலாச்சியன் மலைகளை அப்படியே கேட்கிறோம், வசந்தத்தை உணர்கிறோம் என்று ரசிகர்கள் வாழ்நாளெல்லாம் அவரிடம் சொன்னார்கள். தமக்கு அந்த இரண்டுமே மனதில் இருந்ததில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். இதைக் கேட்டு, எல்லாம் தலைப்பு செய்கிற மாயம், தலைப்பை மாற்றினால் மலையும் மாறிவிடும் என்று வாதிடுவோர் உண்டு. பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். எந்த மலை என்பதை இசை சொல்லாது, பெயர்தான் சொல்லும். ஆனால் திறந்தவெளி ஒன்றில் நிற்கிறோம் என்ற உணர்வைப் பெயர் மட்டும் தந்துவிடாது. கோப்லாண்ட் சுரங்களை அடுக்கிய விதத்தில் அது இருக்கிறது. கீழே ஒரு சுரம், அதிலிருந்து வெகு தூரம் தள்ளி மேலே இன்னொன்று. நடுவில் அடைசல் இல்லை. ஒரு வாத்தியம் பேசி முடித்து அதன் ஒலி அடங்கும்வரை மற்றொன்று காத்திருக்கிறது. பறவையும் காற்று இயந்திரமும் இல்லாத இசையில் மக்கள் நிலத்தைக் கேட்டார்கள் என்றால், அவர்கள் கேட்டது இந்த இடைவெளியைத்தான். ஷேக்கர் என்ற எளிய வாழ்வை நெறியாகக் கொண்ட கிறித்தவக் குழுவினரின் 1848ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று அதில் வருகிறது. ஒற்றைக் கிளாரினெட்தான் அதை முதலில் எடுக்கிறது. அந்தப் பாடலின் மாறுபாடுகளை 1956இல் கோப்லாண்ட் பேண்டுக்காகவே தனியாக எழுதிக்கொடுத்தார். வயலின்கள் இல்லாமலே அந்தத் திறப்பு நிலைத்திருக்கிறது.

பேண்டில் இப்படி எழுதுவது ஏன் கடினம் என்பதற்கு வாத்தியங்களின் அமைப்பே காரணம். ஆல்டோ சாக்ஸபோன், டெனார் சாக்ஸபோன், ஹார்ன், யூஃபோனியம், டிராம்போன், கிளாரினெட்டின் அடிக்குரல் ஆகிய அனைத்துக்கும் சௌகரியமான பகுதி ஏறத்தாழ ஒன்றுதான்: பியானோவின் நடுவிலும் அதற்கு ஒரு ஸ்தாயி கீழேயும். யாரும் சும்மா இருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதப்படும் ஸ்கோரில் இவர்கள் எல்லோரும் அங்கேயே குவிந்துவிடுகிறார்கள். கேட்பவருக்கு ஒரு தடித்த பழுப்பு ஒலி கிடைக்கிறது. உள்ளே யார் என்ன சொல்கிறார் என்பது காதுக்கு எட்டுவதில்லை. இயற்கை ஒலிகளைப் பல பத்தாண்டுகள் பதிவுசெய்த அமெரிக்கர் பெர்னி க்ராவுஸ் ஒரு கருதுகோள் சொன்னார். சிதையாத காட்டில் ஒவ்வோர் உயிரினமும் தனக்கென்று ஓர் ஒலி உயரத்தையோ ஒரு நேரத்தையோ வகுத்துக்கொண்டு குரல் கொடுக்கிறது. பூச்சி ஒரு பட்டையில், தவளை வேறொன்றில், பறவை இன்னும் மேலே. உயிரியலாளர்கள் எல்லோரும் இதை முழுமையாக ஏற்பதில்லை, எல்லாக் காட்டுக்கும் பொருந்தும் விதியாகவும் இதைக் கொள்ள முடியாது. ஆனாலும் மழைக்குப் பிந்தைய இரவில் குளக்கரையில் நின்று கேட்கிற எவருக்கும் அதன் சாரம் புரியும். அத்தனை குரல்கள் சேர்ந்து ஒலித்தும் ஒவ்வொன்றையும் தனியே பிரித்தறிய முடிகிறது. இயற்கை எளிமையானதே இல்லை, அது பெருஞ்சிக்கல், அதைக் காட்ட எளிய இசை எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு என் விடையும் இதிலிருந்தே பிறக்கிறது. குரல்களின் எண்ணிக்கை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். ஒன்று மற்றொன்றை மறைக்காதவரை கேட்பவர் அதைத் தெளிவென்றும் எளிமையென்றும் உணர்கிறார். நடத்துநர் ஃப்ரெடரிக் ஃபென்னல் 1952இல் ராச்செஸ்டரில் ஈஸ்ட்மன் விண்ட் என்ஸம்பிளைத் தொடங்கியபோது, ஒரு வரிக்குப் பலர் என்ற பழைய பேண்ட் வழக்கத்தை விட்டு, ஒரு வரிக்கு ஒருவர் என்ற கொள்கையை வைத்தார். இருபதாம் நூற்றாண்டுப் பேண்ட் இசையின் போக்கை அது மாற்றியது. வாத்தியங்களுக்குள் காற்றோட்டம் வந்தது அப்போதிலிருந்துதான்.

ஸ்தாயியைவிட மூச்சு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வயலின் வில்லை மறுபக்கம் திருப்பினால் சுரம் தொடரும். டூபாக்காரர் அடிச்சுரம் ஒன்றை உரக்கப் பிடித்தால் சில நொடிகளில் நெஞ்சு காலியாகிவிடும். 'பூமி' என்றோ 'மலை' என்றோ நினைத்துக்கொண்டு பதினாறு தாள அளவுகளுக்கு அறுபடாத அடிச்சுரம் எழுதினால், வாசிப்பவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் திருட்டு மூச்சு எடுத்து அந்த மாயையைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர்கள் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, அறுபடாத ஆதாரசுருதி தந்தார்கள். அது அதற்கென்றே பயின்ற தனிக்கலை. பள்ளிப் பேண்டில் அதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் வேண்டாம். மூச்சு முடிகிற இடத்தில் சுரத்தையும் முடித்துவிட்டால் என்ன? அலை கூடத் திரும்பிப் போகத்தான் செய்கிறது. இன்னொரு நுணுக்கத்தையும் அருகில் போய்ப் பார்க்கலாம். விடியலைக் காட்ட ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி மெதுவாக வலுக்கவைப்பது வழக்கமான உத்தி. தாளில் அது ஒற்றைச் சுரம். குழந்தைகூட வாசிக்கலாம் போலத் தோன்றும். ஆனால் வலுவாக ஊத ஊத ஃப்ளூட்டின் சுருதி ஏறும், கிளாரினெட்டின் சுருதி இறங்கும். ஒரே சுரம் என்று எழுதியது இரண்டாகப் பிளந்து நடுவில் அதிர்கிறது. இதோடு அரங்கின் குளிரும் சேர்ந்தால், காற்று சூடேறுகிற வரை குழல்களெல்லாம் தாழ்ந்தே ஒலிக்கும். மேஜர் கார்டின் நடுச்சுரத்தைப் பிடிப்பவர், பியானோவின் காந்தாரத்தைவிட அரைச்சுரத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அளவு இறக்கினால்தான் கூட்டொலி அசையாமல் நிற்கும். தம்பூராவின் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். வேகமான பகுதியில் இந்தப் பிசகுகள் ஓடி மறைந்துவிடும். எளிய பகுதியில் ஒளிவதற்கு இடமில்லை.

மூச்சைப் பின்பற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பேண்ட் இலக்கியத்தின் ஆகச் சிறந்த சான்று பெர்ஸி கிரெய்ஞ்சரின் 'லிங்கன்ஷயர் போஸி'. போஸி என்றால் கைக்கொத்துப் பூ. கிரெய்ஞ்சர் இதைக் காட்டுப்பூக்களின் கொத்து என்றே கருதினார். 1905, 1906ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் அலைந்து பாடல்களைத் திரட்டினார், 1906இலிருந்து மெழுகுருளை ஃபோனோகிராஃபையும் எடுத்துப் போனார். அந்தக் காலத்து நாட்டார் பாடல் சேகரிப்பாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. முதியவர் பாடும்போது அங்கங்கே இழுப்பதும் முந்துவதும் வயதின் தடுமாற்றம், அவற்றை நேராக்கிச் சீரான தாளத்தில் எழுதுவதே சேகரிப்பாளர் கடமை என்ற எண்ணம் நிலவியது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுக் கேட்ட கிரெய்ஞ்சர், ஜோசப் டெய்லர் போன்ற பாடகர்கள் அந்த இழுப்பையும் முந்துதலையும் தெரிந்தே செய்கிறார்கள், அவையே பாட்டின் உயிர் என்று கண்டார். முப்பதாண்டு கழித்து, 1937இல், அந்தப் பாடல்களைப் பேண்டுக்கு எழுதியபோது ஒன்றையும் நேராக்கவில்லை. மூச்சு போன வழியே தாள அளவு மாறிக்கொண்டே போகிறது. 'லார்ட் மெல்போர்ன்' பகுதியில் சில இடங்களில் அளவுக்கோடே கிடையாது. நடத்துநர் ஒவ்வொரு சுரத்தையும் தம் விருப்பத்துக்கு நீட்டியும் குறுக்கியும் காட்ட வேண்டும். 'ரஃபர்ட் பார்க் போச்சர்ஸ்' பகுதியைச் சில மரக்குழல்கள் மட்டும், ஸ்தாயிகள் விலகி, ஒன்றை ஒன்று பின்தொடர்ந்து தொடங்குகின்றன. பித்தளை வாத்தியக் கூட்டம் முழுதும் வாய் மூடியிருக்கிறது. மில்வாக்கியில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் எல்லாப் பகுதிகளையும் வாசிக்கும் திறன் அந்தக் குழுவுக்கு இல்லை. கிராமத்து முதியவர் தனியாக நின்று பாடியதைத் தொழில் வாத்தியக்காரர்கள் வாசிக்கத் திணறினார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். எளிமை என்ற பெயரில் நாம் வழக்கமாகச் செய்வது இந்த மேடுபள்ளங்களை இழைத்துச் சமமாக்குவது. அப்படிச் சமமான பிறகு மிஞ்சுவது சுலபம் மட்டுமே.

சுலபமும் எளிமையும் கலந்துபோவதால் வரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. மெதுவான, இனிமையான பேண்ட் உருப்படிகள் இன்று கணக்கில்லாமல் வெளியாகின்றன. இவை எளிமையின் பெயரால் கண்ணீரை வரவழைக்கும் தயாரிப்புகள் என்கிறார்கள். பலவற்றுக்கு அது பொருந்தும். நான்கு கார்டுகள், சற்றே தாமதித்துத் தீரும் ஒரு சுரம், சிம்பல் உருட்டல், உச்சம், மீண்டும் அமைதி. இதில் எளிமைப்படுத்தப்பட்டிருப்பது உணர்ச்சி. இசைப்பொருளோ இன்னும் கொழுத்தே கிடக்கிறது. கஸ்டவ் ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய முதல் ஸ்வீட் என்ற பல பகுதி இசைத்தொகுப்பு இதற்கு நேர்மாறான உழைப்பு. டூபாவும் யூஃபோனியமும் எட்டு அளவுள்ள ஒரு பல்லவியை எடுக்கின்றன. முதல் பகுதி முழுதும் அதுவே திரும்பத் திரும்ப வருகிறது, ஓரிடத்தில் தலைகீழாகவும். அடுத்த இரண்டு பகுதிகளின் மெட்டுகளும் அதன் முதல் மூன்று சுரங்களிலிருந்தே கிளைக்கின்றன. அழுகை வரவழைக்க ஹோல்ஸ்ட் எதுவும் செய்யவில்லை. கையில் எடுத்த கொஞ்சத்தைக் கைவிடாமல் வைத்திருந்தார்.

நம் பக்கத்திலிருந்து எழக்கூடிய ஐயம் வேறு. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த நேர்ச்சுரங்கள் வெறுமையாகப்படலாம். நீங்கள் எளிமை என்பது மேலைநாட்டு மொட்டைத்தனம் இல்லையா? புனித ஜார்ஜ் கோட்டையின் கும்பினி பேண்ட் வாசித்த மெட்டுகளை முத்துசுவாமி தீட்சிதர் சங்கராபரணத்தில் வைத்து, சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரங்களாக்கியபோது அந்த மொட்டைச் சுரங்களை அப்படியே விட்டார். அவற்றுக்குக் கமகம் பூசவில்லை. அவற்றின் அழகு அந்த நேர்மையில் இருப்பதை அவர் காது அறிந்திருந்தது. மறுபுறம், திறந்தவெளிக்கென்றே உண்டான நம் நாதஸ்வரத்தில் தோடி ஆலாபனை கமகத்தால் நிறைந்து வழிகிறது; கேட்பவருக்கு அது நெரிசலாகப் படுவதில்லை. ஒரு குரல், ஓர் ஆதாரசுருதி. குறுக்கே நிற்பவர் யாருமில்லை. அலங்காரம் கூடுவதும் குறைவதும் அந்தந்த மரபின் பேச்சு. இடம் இருக்கிறதா என்ற கேள்வி இரண்டு மரபுக்கும் பொது.

இனி, மிகவும் நியாயமான எதிர்ப்புக்கு வருகிறேன். இதைப் பள்ளி ஆசிரியர்கள் எழுப்புகிறார்கள். பேண்ட் ஒரு வகுப்பறை. முப்பது அளவுக்கு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவர் எதைக் கற்கிறார்? மேலும் சிறிய பள்ளிகளில் ஓபோ இருக்காது, பஸூன் இருக்காது, சில ஆண்டுகளில் ஒரே ஒரு ஹார்ன்தான் இருக்கும். ஒரே வரியை நாலு வாத்தியத்துக்குக் கொடுத்து வைத்தால்தான் ஆள் குறைந்தாலும் உருப்படி விழாமல் நிற்கும். இந்தக் கவலையை அற்பமென்று தள்ள மாட்டேன். ஆனால் அதற்கு விடைகள் இருக்கின்றன. கரேல் ஹூசா, 1968இல் தம் தாய்நாடான செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் கூட்டணியின் டாங்கிகள் நுழைந்ததைக் கேட்ட அந்த ஆண்டிலேயே, இத்தாக்கா கல்லூரிப் பேண்டுக்காக எழுதிய 'மியூசிக் ஃபார் ப்ராக் 1968', பிக்கோலோவின் தனிக்குரலில் தொடங்குகிறது. விடுதலையின் அடையாளமான பறவைக்குரல் அது. அடியில் டிம்பனி மட்டும் மிக மெதுவாக ஒலிக்கிறது. மேடையில் இருக்கும் மற்ற அனைவரும் மௌனம். அவர்கள் அங்கே அமர்ந்து சும்மா இருப்பது கண்ணுக்குத் தெரிவதால்தான் அந்தக் குரலின் தனிமை நம்மைச் சுடுகிறது. அந்த மௌனத்தைக் காக்கும் மாணவர் இசையின் ஒரு பகுதியை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஜோசப் ஷ்வான்ட்னர் 1977இல் ஈஸ்ட்மன் குழுவுக்கு எழுதிய மலைகளைப் பற்றிய படைப்பில், ஊதாதவர்களைப் பாடவும் சீட்டியடிக்கவும் வைத்தார். நீர் நிரப்பிச் சுருதி சேர்த்த கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பையும் தேய்க்கவைத்தார். மைக்கேல் கோல்கிராஸ் 2000இல் பள்ளி மாணவர்களுக்கென்றே எழுதிய 'ஓல்ட் சர்ச்சஸ்' உருப்படியில், துறவிகளின் பழைய கீர்த்தனை போன்ற ஒற்றை வரியும் எல்லோரும் சேர்ந்து முணுமுணுக்கும் ஒலியும் மாறி மாறி வருகின்றன. யாரும் வெளியே நிற்பதில்லை, இடமும் அடைபடுவதில்லை.

ஆள் குறையும் சிக்கலுக்குத் தொழிலிலேயே ஒரு வழி நெடுங்காலமாக இருக்கிறது. ஓபோவின் தனிவரியைக் கிளாரினெட்டின் தாளிலும் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிடுவார்கள். ஓபோ இருந்தால் கிளாரினெட்காரர் அதைக் கண்ணால் தொடர்ந்தபடி சும்மா இருப்பார், இல்லாவிட்டால் எடுத்து வாசிப்பார். அச்சுச் செலவைத் தவிர இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பாதுகாப்புக்காக இருவரும் சேர்ந்தே வாசிக்கட்டும் என்று ஸ்கோரில் எழுதிவிட்டால், நல்ல ஓபோ வாசிக்கும் பிள்ளை இருக்கிற பள்ளியிலும் அந்தக் குரலை யாரும் ஒருநாளும் கேட்கப்போவதில்லை.